வராதவர்களுக்கு ஒரு அறிவிப்பு

பிலோமினா டீச்சர் சொன்னதை நான் பல வருடங்களாக நம்பவில்லை. நம்பவில்லை என்று அவரிடம் சொன்னதும் இல்லை. தலைமையாசிரியர் கூட்டங்களில் யாராவது கேட்பார்கள், அவர் சொல்வார், நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருப்பேன். அவருடைய பள்ளி கல்லூற்றுத் தேயிலை எஸ்டேட்டில் இருக்கிறது. ஒரு மழைக்காலத்தில் அங்கே சாலை சரிந்துவிட்டது. மழை விட்டதும் பள்ளியைத் திறந்தார்கள், பிள்ளைகள் வரவில்லை. பள்ளிக்குப் பின்னால் இருக்கும் மேடும் வெடித்திருக்கிறது, எந்த நேரமும் இறங்கிவிடும் என்று தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பேச்சு. டீச்சர் பள்ளியின் பெயரில் முகநூலில் ஒரு பக்கம் திறந்து, தினமும் சாயங்காலம் அந்த மேட்டைப் போனில் படம் எடுத்து அதில் போட்டு, கீழே இரண்டு வரி எழுதினாராம். மேடு இன்றைக்கு இப்படி இருக்கிறது. இன்றைக்கு இத்தனை பேர் வந்தார்கள். அவ்வளவுதான். வாரக்கணக்கில் ஒருத்தரும் ஒரு லைக் கூடப் போடவில்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை காலையில் எல்லாப் பிள்ளைகளும் வந்து வரிசையில் நின்றார்கள். தினமும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம் டீச்சர் என்று ஒரு தாய் சொன்னாளாம். எனக்கு இது ஜீரணமாகவில்லை. ஒரு தடவை மூன்று வாரம் என்பார், இன்னொரு தடவை ஒரு மாதம் என்பார். ஒரு தடவை படத்தை வராண்டாவிலிருந்து எடுத்தார், இன்னொரு தடவை சத்துணவுக் கூடத்திலிருந்து எடுத்தார். அதைவிட, மழை விட்டால் கொழுந்து பெருகும், பெண்களை வேலைக்குக் கூப்பிடுவார்கள், வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது, பள்ளிக்கு அனுப்பித்தான் ஆகவேண்டும். கொழுந்து செய்த வேலையை டீச்சர் தன் போன் செய்ததாக நினைத்துக்கொள்கிறார் என்று நான் முடிவு கட்டி வைத்திருந்தேன். முடிவு கட்டிய பிறகும் ஏன் அது திரும்பத் திரும்ப வந்தது என்றுதான் தெரியவில்லை. இப்போதும் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறும் பஸ்ஸில், ஜன்னல் ஓரத்தில், மடியில் பயிற்சியில் கொடுத்த துணிப்பையை வைத்துக்கொண்டு அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆள் வராத பள்ளியின் மேட்டைப் படம் எடுத்து, ஆள் பார்க்காத இடத்தில் ஒரு மனுஷி எத்தனை நாள் போட முடியும். நான் நம்பாமல் போனது அந்தத் திங்கட்கிழமையை அல்ல என்று தோன்றுகிறது. அதற்கு முந்தைய நாட்களைத்தான்.

இன்றைய பயிற்சிக்குப் பெயரே கல்வித் தலைவர்கள் சமூக ஊடகத்தை ஏன் பயன்படுத்த வேண்டும் என்பது. திரையில் பெரிய எழுத்தில் அதைப் பார்த்ததும் எங்களில் பாதிப் பேர் சிரித்துவிட்டோம். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்றால் பிளம்பருக்குப் பின்னால் ஓடுகிறவர்கள் நாங்கள், எங்களைப் போய்த் தலைவர் என்கிறார்களே என்றுதான். பயிற்சி கொடுக்க வந்த இளைஞர் கோபித்துக்கொள்ளவில்லை. உங்க பள்ளிக்கூடத்தைப் பத்தி நீங்க பேசலைன்னா வேற யாராவது பேசுவாங்க சார், அவங்க பேசுறதுதான் நிக்கும் என்றார். பேசினா மெமோ வரும் தம்பி என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல, மறுபடியும் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் அந்த இளைஞர் சொன்னது எனக்கே சொன்னதுபோல இருந்தது. ஏனென்றால் நீலவரை எஸ்டேட்டில் என் பள்ளியைப் பற்றி வேறு யாரோ பேசி இரண்டு வாரம் ஆகிறது. ஏதோ ஒரு பள்ளி வராண்டாவில் சிறுத்தை நடந்துபோகும் வீடியோ, நீலவரை பள்ளியில் என்று கீழே எழுதி, லைனுக்கு லைன் போனில் சுற்றுகிறது. மேல் லைன் பிள்ளைகள் ஒருவரும் வருவதில்லை. கீழ் லைனிலும் பாதிதான். அடுத்த வாரம் அதிகாரி வருகைப்பதிவைப் பார்க்க வருகிறார். இப்படியே போனால் எங்கள் பள்ளியை டவுன் பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று ஏற்கெனவே வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். டவுனுக்கு மேல் லைனிலிருந்து ஒரே பஸ்தான். ஆண் பிள்ளைகள் தொத்திக்கொண்டு போய்விடுவார்கள், பெண் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள், அவர்கள் படிப்பு அதோடு முடிந்துவிடும். இதற்கு நான் என்ன செய்தேன். அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினேன். காலை வழிபாட்டில் மைக் பிடித்து, வதந்தியை நம்பாமல் அனைவரும் தவறாமல் பள்ளிக்கு வரவேண்டும் என்று பேசினேன். இன்றைக்குப் பயிற்சியில் மத்தியானச் சாப்பாட்டின்போது பிலோமினா டீச்சரிடம் இதைச் சொன்னேன். அவர் கையில் எடுத்த அப்பளத்தை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு நிக்க வச்சு, வாங்க வாங்கன்னு சொல்லிருக்கீங்க, நல்ல மனுஷன் சார் நீங்க என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தச் சுற்றறிக்கையைப் படித்தவர்கள் எல்லாம் அது தேவைப்படாதவர்கள். அதை எழுத எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது.

ஆழியாறு தாண்டியதும் பஸ் மூச்சு வாங்க ஆரம்பித்தது. வளைவுக்கு வளைவு அணை கீழே இறங்கிக்கொண்டே போனது. பக்கத்தில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார், அட்டகட்டிக்கு டிக்கெட் எடுத்தவர், காலுக்கடியில் தக்காளிப் பை. சிக்னல் விட்டு விட்டு வரும் இடம் அது. வருகிற நேரத்தில் அவர் போனைத் தூக்கிப் பிடித்து எதையோ பார்த்துக்கொண்டு வந்தார். சத்தத்தைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பின்னணியில் ஒரு ஆள் அடித்தொண்டையில் கத்துவான், அந்த வீடியோ. நான் பார்க்கிறேன் என்று நினைத்துப் போனை என் பக்கம் திருப்பினார். நீலவரை பள்ளிக்கூடமாம், என் தங்கச்சி பிள்ளைக ரெண்டு அங்கதான் படிக்குது, அனுப்பாதடின்னு சொல்லிட்டேன் என்றார். அந்தப் பள்ளித் தூண் சதுரமா இருக்கும்மா, இதுல உருண்டையா இருக்கு என்றேன். தூணை எதுக்குங்க பாக்குறீங்க, சிறுத்தையைப் பாருங்க என்றார் அவர். நான் மறுபடியும் பார்த்தேன். சிறுத்தை அவசரமே இல்லாமல் நடந்தது. எனக்கு அந்தத் தூண்களின் உயரமும் அகலமும் தெரியும், போன வருடம் வெள்ளையடிக்கும்போது கூடவே நின்றவன், ஆனால் அது என் வாயில் இருந்தது, அவருடைய கையில் வீடியோ இருந்தது. பிறகு அவர் சொன்னதுதான். குரலைத் தாழ்த்தி, வீட்டு விஷயம் பேசுவதுபோலச் சொன்னார்.

"அங்க ஹெட்மாஸ்டர் இருக்காராம், அவரு இன்னை வரைக்கும் வாயே தொறக்கலையாம். இல்லைன்னா இல்லைன்னு சொல்லிருக்க மாட்டாரா? ஆளு அமுக்கமா இருந்தா என்னங்க அர்த்தம்?"

நான்தான் அந்த ஆள் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் எடுத்தேன் என்றுகூட நினைக்கிறேன், ஆனால் செய்தது மடியிலிருந்த துணிப்பையை நிமிர்த்தி வைத்தது மட்டும். மைக் இல்லாமல் வகுப்பின் கடைசி பெஞ்சு வரை கேட்கும் குரல் என்று எனக்கு இளம் வயதில் பெயர் உண்டு. பக்கத்து சீட்டுக்கு எட்டவில்லை. நான் எதற்குப் பயந்தேன், அவர் கேள்வி கேட்பார் என்றா, இல்லை நம்ப மாட்டார் என்றா. நம்பிவிட்டால் என்ன செய்வது என்றும் இருந்திருக்கலாம். நம்பி அந்தப் பிள்ளைகளை அனுப்பி வைத்து, நாளைக்கே உண்மையில் ஒன்று வந்துவிட்டால். ஏனென்றால் எங்கள் ஊரில் சிறுத்தை வராது என்று எவன் எழுதிக் கொடுக்க முடியும். வரும். தேயிலைக்குள் படுத்திருக்கும். இரண்டு எஸ்டேட் தள்ளி ஒரு லைனில் சில வருடங்களுக்கு முன்னால் வாசலில் விளையாடிய குழந்தைக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும், அந்தத் தாய் இப்போதும் எங்கள் டீக்கடையைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறாள். இந்த வீடியோ பொய். ஆனால் அதற்குக் கீழே இருக்கும் பயம் பொய் இல்லை. நான் பொய்யை மறுக்கப் போய், பயத்தையும் மறுத்துவிட்டேனோ. அட்டகட்டியில் அந்த அம்மாள் தக்காளிப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். இறங்கும்போது, வர்றேங்க, பாத்துப் போங்க, பனி இறங்கப் போவுது என்றார். கண்டக்டர் விசில் கொடுத்தார். சீட்டில் அவர் உட்கார்ந்திருந்த இடத்தின் சூடு கொஞ்ச நேரம் இருந்தது. என் கையை அங்கே வைத்தேன், ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை, உடனே எடுத்துவிட்டேன்.

முன்பு இப்படி இல்லை என்று சொல்ல வந்தால் அதிலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. நான் இந்தப் பள்ளிக்கு உதவி ஆசிரியனாக வந்த புதிதில் அப்போதைய தலைமையாசிரியர் வாரம் ஒரு நாள் விடியற்காலையில் பெரட்டுக்குப் போவார். வேலை பிரித்துக் கொடுப்பதற்காகத் தொழிலாளர்கள் எல்லோரும் கூடும் இடம் அது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு கங்காணிக்குப் பக்கத்தில் நிற்பார். யார் பிள்ளை வரவில்லை, யாருக்கு அம்மை, எந்த வாரம் பரீட்சை என்று நின்ற இடத்திலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுவார். அவர்களும் அங்கேயே திட்டுவார்கள், கணக்கு வாத்தியார் அடிக்கிறார், முட்டை சின்னதாக இருக்கிறது என்று. நானும் தலைமையாசிரியர் ஆனதும் கொஞ்ச காலம் போனேன். எனக்கு அது வரவில்லை. கூட்டத்தின் நடுவில் நின்றால் கை எங்கே வைப்பது என்று தெரியாது. மெல்ல விட்டுவிட்டேன். இப்போது பெரட்டும் பழைய பெரட்டு இல்லை. கொழுந்தை இயந்திரத்தில் வெட்டுகிறவர்கள் ஒரு நேரம், கையில் கிள்ளுகிறவர்கள் ஒரு நேரம், ஜார்கண்டிலிருந்து வந்த குடும்பங்கள் தனியாக ஒரு ஓரம். போன வாரம் வேறு வழியில்லாமல் போய் நின்றேன். வணக்கம் சொன்னார்கள். பிறகு ஆளாளுக்குப் போனைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அந்த மங்கலான வெளிச்சத்தில் ஒவ்வொரு முகத்துக்குக் கீழேயும் ஒரு சின்ன நீல வெளிச்சம். அவர்கள் கூடுகிற இடம் அந்த வெளிச்சத்துக்குள் எங்கேயோ இருந்தது, நான் வெளியே கம்பளியோடு நின்றுகொண்டிருந்தேன். அப்போது எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு அந்த இளைஞர் பேசும்போது, கோபமாக இல்லாமல், விட்டுப்போன பஸ்ஸின் பின்புறத்தைப் பார்ப்பதுபோல இருந்தது.

பயிற்சியில் எங்கள் ஒவ்வொருவரையும் பள்ளியின் பெயரில் ஒரு பக்கம் திறக்க வைத்தார்கள். என் பக்கத்தில் பெயர் மட்டும் இருக்கிறது, படம் இல்லை. பார்க்கிறவர் ஒருவர், பிலோமினா டீச்சர். முதல் ஆள் நான்தான், காப்பி வாங்கித் தரணும் என்றார். நீங்க ஏதாவது எழுதுங்க சார், மத்ததை நான் பாத்துக்கறேன், எல்லா எஸ்டேட் வாட்ஸ்அப் குழுவுலயும் தள்ளி விடுறேன் என்றும் சொன்னார். எழுத வேண்டியதுதானே. போனை எடுத்து, பெற்றோர்கள் அச்சம் கொள்ளத் தேவையில்லை என அறிவிக்கப்படுகிறது என்று அடித்தேன். படித்தேன். அழித்தேன். இத்தனை வருடம் இப்படித்தான் எழுதியிருக்கிறேன். யார் அறிவிக்கிறார்கள், யாருக்கு. சுவர் எழுதியதுபோல இருந்தது. பஸ் ஒரு வளைவில் பின்னால் வாங்கி மறுபடி ஏறியது. தடுப்புச் சுவரின் மேல் இரண்டு வரையாடுகள் நின்றுகொண்டு எங்களைப் பார்த்தன. நான் அழித்த வெற்றிடத்தைப் பார்த்தேன். பிறகு கை தானாக வேறொரு இடத்துக்குப் போயிற்று, தினமும் போகிற இடத்துக்கு. என் மகன் இளம்பரிதி ஹைதராபாத்தில் வேலை பார்க்கிறான். அவன் அம்மா இறந்துபோன பிறகு நாங்கள் பேசுவது குறைந்துவிட்டது. சண்டை என்று ஒன்றும் இல்லை, பேசுவதற்கு நடுவில் ஒரு ஆள் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். ஆனால் அவன் முகநூலில் படம் போடுவான். ஞாயிற்றுக்கிழமை அவன் வைக்கிற அரிசிம்பருப்பு சாதம். மாடியில் வளர்க்கிற புதினா. ஒரு நாள் காய்ச்சலில் படுத்துக்கொண்டு தெர்மாமீட்டரைப் படம் எடுத்துப் போட்டிருந்தான். நான் எல்லாவற்றையும் பார்க்கிறேன். காலையில் பல் தேய்ப்பதற்கு முன் பார்க்கிறேன். லைக் போட்டதில்லை. போட்டால் நான் பார்ப்பது அவனுக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் போடுவதை நிறுத்திவிடுவானோ என்று. காய்ச்சல் படத்தை இரண்டு நாள் திறந்து திறந்து பார்த்தேன். மூன்றாம் நாள் அவன் ஒரு தோசைப் படம் போட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. அவனுக்கு இது தெரியாது. அவன் கணக்கில் நான் எட்டிப் பார்க்காத ஆள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அவன் எண்ணும்போது அதில் நான் இல்லை.

இந்த இடத்தில் அந்தத் தாயின் வார்த்தை நினைவுக்கு வந்தது. தினமும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம் டீச்சர். அந்தத் தாய் சொன்னதாக டீச்சர் சொல்லும்போதெல்லாம் நான் மனதுக்குள் உதட்டைப் பிதுக்கியிருக்கிறேன். பார்த்தவள் பார்த்தேன் என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று. நான் சொல்கிறேனா. மேடு இறங்கிவிடுமோ என்று பயந்துகொண்டு ஒவ்வொரு சாயங்காலமும் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிற ஒருத்தி லைக் போடுவாளா, அது லைக் போடுகிற விஷயமா. கொழுந்து பெருகியதால்தான் பிள்ளைகள் வந்தார்கள் என்பதும் உண்மையாக இருக்கலாம், எனக்கு இன்னும் அதை விட மனமில்லை. ஆனால் கொழுந்துக்காக வேலைக்குப் போகிறவள் பிள்ளையைப் பாட்டி வீட்டிலும் விட்டுப் போகலாம், பூட்டிவிட்டும் போகலாம், பள்ளியில் விட்டிருக்கிறாள். எழுதினேன். வேகமாக எழுதினேன், நின்றால் நின்றுவிடும் என்று. நான் நீலவரை பள்ளித் தலைமையாசிரியர் பொன்னுரங்கம். போனில் வரும் வீடியோ நம் பள்ளி இல்லை, நம் தூண்கள் சதுரம். ஆனால் நம்மைச் சுற்றிக் காடு இருக்கிறது, சிறுத்தை வராது என்று என்னால் சொல்ல முடியாது. பிள்ளைகள் வருவதற்கு முன் தினமும் காலையில் வராண்டாவையும் கழிப்பறைப் பின்பக்கத்தையும் நான் சுற்றிப் பார்க்கிறேன். நாளையிலிருந்து பார்த்ததைப் படம் எடுத்து இங்கே போடுகிறேன். எதையாவது பார்த்தால் அதையும் போடுவேன், அன்றைக்கு அனுப்ப வேண்டாம். இன்றைக்கு விடியற்காலையில் பயிற்சிக்குக் கிளம்பும் முன் பார்த்தேன், ஒன்றும் இல்லை. இதில் மெமோ வாங்கித் தரக்கூடிய வாக்கியம் எது என்று ஒரு தடவை தேடினேன். அன்றைக்கு அனுப்ப வேண்டாம் என்பதுதான். அதை அழித்தால் மற்றது எதற்கும் மதிப்பு இல்லை. அனுப்பும் பொத்தானை அமுக்கினேன், வட்டம் சுற்ற ஆரம்பித்தது, சுற்றிக்கொண்டே இருந்தது. சிக்னல் இல்லை.

கவர்க்கல் வந்தபோது பனி பஸ்ஸுக்குள் புகுந்துவிட்டது. டிரைவர் விளக்கைப் போட்டு நத்தைபோல உருட்டினார். யாரோ ஜன்னலை இழுத்துச் சாத்தினார்கள், யாரோ இருமினார்கள், எனக்கு முன்னால் இருந்த தலைகள்கூட மங்கிப்போயின. அந்த வெள்ளைக்குள் எங்கேயோ போன் ஒரு தடவை அதிர்ந்தது. போய்விட்டது. இனி திரும்ப வராது. நான் திரையைப் பார்த்தபடி இருந்தேன். ஒரு நிமிடம், இன்னும் கொஞ்சம். பகிர்ந்தவர் பிலோமினா. வேறு ஒன்றும் இல்லை. மேல் லைனில் இந்நேரம் எல்லோரும் வேலை முடித்து அடுப்பு மூட்டியிருப்பார்கள். போன் பக்கத்தில் இருக்கும். பார்த்திருப்பார்களா, அட்டகட்டி அம்மாள் பார்த்தால் பக்கத்தில் உட்கார்ந்து வந்த ஆள் என்று தெரிந்துகொள்வாரா, இதென்ன சிறுத்தை வந்தாலும் வரும் என்று ஹெட்மாஸ்டரே எழுதிவிட்டார் என்று இதுவே வேறொரு வதந்தியாகக் கிளம்புமா. இந்த வாக்கியத்தை வைத்தே நாளைக்கு மிச்சப் பிள்ளைகளும் நின்றுபோனால். நாளைக் காலை மணி அடிக்கும்போதுதான் தெரியும். அதுவரை தெரிந்துகொள்ள வழியே இல்லை. வீட்டுக்குப் போய்க் கதவைத் திறக்கவேண்டும், விளக்கைப் போடவேண்டும், சாதம் வைக்கவேண்டும், போனை எங்கேயாவது கவிழ்த்து வைக்கவேண்டும், வைத்த பிறகும் அது அங்கே இருக்கும். பிலோமினா டீச்சரைப் போனில் கூப்பிட்டேன். பயிற்சி முடிந்ததும் ஜீப்பில் முன்னாலேயே போனவர், இந்நேரம் கணவரோடு வீட்டில் இருப்பார் என்று நினைத்துவிட்டு, பிறகுதான் நினைவு வந்தது, கணவர் தூத்துக்குடியில் வேலை, மாதம் ஒரு தடவைதான் வருவார், டீச்சர் குவார்ட்டர்ஸில் தனியாகத்தான் இருக்கிறார், அந்த மழைக்காலத்திலும் அப்படித்தான் இருந்திருப்பார். போட்டுட்டீங்க சார், பாத்தேன், நல்லா இருக்கு, எல்லா குழுவுக்கும் அனுப்பிட்டேன் என்றார். பின்னால் குக்கர் சத்தம். இவரிடம் ஒரு நாள் கேட்கவேண்டும் என்று நான் பல வருடங்களாகக் கேள்விகள் வைத்திருந்தேன். எந்தத் தேதி, எத்தனை பிள்ளைகள், அந்தத் தாய் யார், பெயர் என்ன. பஸ் பனியை விட்டு வெளியே வந்தது. கீழே வால்பாறை விளக்குகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. ஹலோ சார், இருக்கீங்களா என்றார்.

"இருக்கேன் டீச்சர். அந்த மேட்டுப் படத்தைப் போட்டு அனுப்பிட்டு, ஒருத்தரும் ஒண்ணும் சொல்லாம, மறுநாள் காலைல பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் வீட்டுல தனியா என்ன பண்ணுனீங்க?"